ஆமைக்கு ஆகும் மஞ்சள் விளக்கு கோழிக்கு ஆகுமா?

வாசகர் கேள்வி – பதில்

இரவு விளக்கும் உயிரினங்களின் தூக்கமும் பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருக் கம்பத்தில் பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டினார்கள். கோழிக்கூட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே பதினைந்து அடிதான். அன்றிலிருந்து சேவல் ராத்திரி ஒரு மணிக்கே கூவுகிறது, கோழிகள் விடிகிறவரை அலைபாய்கின்றன. தார்ப்பாய் போட்டுச் சுற்றி மூடினேன். இப்போது இரண்டு கோழிக்குக் கண்ணில் நீர் வடிகிறது. – வாசகி, உச்சிப்புளி

பதில்: முதலில் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். கண்ணில் நீர் வடிவதற்குக் காரணம் பெரும்பாலும் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றில்லாமல் அடைத்த கூட்டில் ஒரே ராத்திரியில் அது கண்ணை எரிக்கும் அளவுக்கு ஏறிவிடும். தார்ப்பாயை எடுத்து, அடியில் கிடக்கும் எச்சத்தை வாரிய பிறகும் மூன்று நாளில் தெளியவில்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

இனி வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். முழுநிலவு தரையில் தருவது அதிகபட்சம் 0.3 லக்ஸ். தெருவிளக்கு கம்பத்தடியில் 5 முதல் 20 லக்ஸ் தரும். கூட்டைத் தள்ளி வைக்கலாமே என்று தோன்றும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது கணக்கு. கூட்டில் இப்போது 20 லக்ஸ் விழுகிறது என்றால், முப்பது அடிக்கு நகர்த்தினாலும் 5 லக்ஸ் மிச்சம். அது முழுநிலவைப் போலப் பதினாறு மடங்குக்கும் மேல். ஆகவே நகர்த்துவதைவிட மறைப்பதுதான் வேலைக்கு ஆகும்.

பனை ஓலைத் தட்டி இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டி, விளக்கு இருக்கும் பக்கத்தில் மட்டும் கூட்டிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்துங்கள். அந்த அரை அடி காற்று ஏறி இறங்க. தட்டி கூட்டின் கூரையைவிட ஒரு முழம் உயரமாக இருக்க வேண்டும். கம்பம் உயரம் என்பதால் வெளிச்சம் மேலிருந்துதான் சரிந்து வரும். மற்ற மூன்று பக்கமும் கம்பிவலை திறந்தே இருக்கட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கோழி உட்காரும் கழி உயரத்தில் பிடித்து, மேலே விரலை நீட்டிப் பாருங்கள். விரலின் நிழல் தாளில் விளிம்போடு விழுந்தால் இன்னும் வெளிச்சம் வருகிறது என்று பொருள். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இந்த அளவு மங்கலில் தாறுமாறாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

சேவல் விஷயம் தனி. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்த சேவல்களும் தத்தம் உடலுக்குள் இருக்கும் கடிகாரப்படி விடியல் நேரத்துக்குக் கூவின. கூடவே இன்னொன்றும் பார்த்தார்கள்: வெளிச்சம் பட்டாலும் அடுத்த சேவல் கூவினாலும் கூவும். உங்கள் சேவலுக்குக் கடிகாரம் கெடவில்லை, வெளிச்சம் சீண்டுகிறது. மறைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் அதற்குத் தட்டி உதவாது.

"பண்ணையில் ராத்திரி லைட் போட்டுத்தானே முட்டை எடுக்கிறார்கள்?" என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். உண்மைதான், ஆனால் ராத்திரி முழுக்க அல்ல. முட்டைக் கோழிக்கு மொத்தம் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் போதும். ராமநாதபுரத்தில் பகல் ஆண்டு முழுக்கப் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்குள்தான். குறையும் இரண்டு மணி நேரத்தை விடியற்காலையில், நாலு மணி வாக்கில் ஒரு சின்ன பல்பு போட்டுச் சேர்க்கலாம். மாலையில் சேர்த்தால் விளக்கைப் பட்டென்று அணைக்கும்போது கழியில் ஏறாத கோழிகள் இருட்டில் ஒன்றன் மேல் ஒன்று விழும். ஆரம்பித்தால் இடையில் விடாதீர்கள். பகல் திடீரென்று குறைந்தால் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடும்.

கேள்வி: கடலைப் பார்த்த விடுதி வைத்திருக்கிறேன். ஆமைக்குஞ்சுகள் கடலுக்கு எதிர்த்திசையில் வருகின்றன என்று சொன்னதால் வெளி விளக்கெல்லாம் மஞ்சளாக மாற்றிவிட்டேன். பங்குனியில் மறுபடியும் ஒரு கூட்டுக் குஞ்சுகள் தோட்டத்துக்குள் வந்து கிடந்தன. செலவு வீணா? – விடுதி உரிமையாளர், ராமேஸ்வரம்

பதில்: வீண் இல்லை, பாதி வேலை. கடையில் "வார்ம் ஒயிட்" என்று வாங்கியிருந்தால் பாதிகூட இல்லை.

பெட்டியில் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று போட்டிருக்கும் பல்பு நம் கண்ணுக்கு மஞ்சள். ஆனால் அதுவும் நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பரப் பூச்சு பூசிச் செய்ததுதான். 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம் அதிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். கடலாமைக் குஞ்சை இழுப்பதும் அந்த நீலமும் பச்சையும்தான். வேண்டியது "ஆம்பர்" எல்.இ.டி., ஏறக்குறைய 590 நானோமீட்டர். 560-க்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் சோதிக்க ஒரு வழி: பழைய சி.டி. தட்டின் பளபளப்பில் விளக்கின் பிம்பத்தைச் சாய்த்துப் பாருங்கள். வானவில் பட்டையில் நீலம் தெரிந்தால் அது ஆம்பர் இல்லை.

இனி உயரம். குஞ்சு மணலிலிருந்து வெளியே வந்ததும் தேடுவது தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை. இயற்கையில் அது கடல். கரைப்பக்கம் தாழை, சவுக்கு, மணல்மேடு என்று உயரமாகவும் கறுப்பாகவும் இருக்கும். தென்னை மரத்தில் சுற்றிய சீரியல் விளக்கு அந்தக் கறுப்பைக் கலைத்துவிடுகிறது. ஆம்பராகவே இருந்தாலும் ஆளுயரத்துக்கு மேல், கடலைப் பார்த்து, மூடியில்லாமல் எரிந்தால் குஞ்சு குழம்பும். மஞ்சள் என்பது குறைவாக இழுக்கும் நிறமே தவிர, இழுக்காத நிறம் அல்ல.

ஆகவே நிறத்தைக் கடைசியில் வையுங்கள். எந்த விளக்கு தேவையே இல்லையோ அதை அணைப்பது முதல் வேலை. நடைபாதை விளக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்குவது அடுத்தது. அரையாக வெட்டிய நாலங்குல பி.வி.சி. குழாயோ மடித்த தகரமோ கடல் பக்கத்தில் மாட்டி மறையுங்கள். அறைச் சன்னல்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கடல் பக்க அறைகளுக்குத் தடித்த திரை வேண்டும்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க, அமாவாசையை ஒட்டிய ராத்திரி ஒன்பது மணிக்குக் கரையில் அலை ஓரத்திலிருந்து நாலைந்து இடங்களில் குப்புறப் படுத்து விடுதியைப் பாருங்கள். நின்று பார்த்தால் பிடிபடாது, குஞ்சின் கண் மணலிலிருந்து ஓரங்குலத்தில் இருக்கிறது. பல்பு நேராகக் கண்ணில் பட்டால் அதுதான் குற்றவாளி. பல்பு தெரியாமல் சுவர் மட்டும் பளபளத்தால் வெள்ளைச் சுவரின் மேல் விழும் விளக்கைத் திருப்புங்கள்.

காலக்கணக்கும் முக்கியம். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) நம் கரையில் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய 45 முதல் 55 நாள் வரை ஆகும். அதனால் மார்ச்சோடு விளக்குக் கட்டுப்பாட்டை விட்டுவிடக் கூடாது, மே கடைசிவரை வேண்டும். குஞ்சுகள் தோட்டத்தில் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடலாமை 1972 வனஉயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணை, வாளியில் போட்டு வைத்துச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவது குற்றம். பிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் திரும்பவும் திசை மாறும்.

கேள்வி: எங்கள் வீட்டு வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே உயர்கோபுர விளக்கு. மயில்கள் ஆறேழு அந்த மரத்தில்தான் தினமும் அடைகின்றன. தொந்தரவாக இருந்தால் வேறு மரத்துக்குப் போய்விடாதா? – வாசகர், சாயல்குடி

பதில்: போகாது என்பதுதான் விஷயம். ஜெசிக்கா யோர்ஜின்ஸ்கியும் அவரது குழுவினரும் 2015-இல் பெண்மயில்களை வைத்துச் சோதித்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அடைந்த மயில்கள் ராத்திரியில் கூடுதல் நேரம் தலையைத் தூக்கிக் காவல் பார்த்தன, குறைவாகத் தூங்கின. ஆனால் வெளிச்சமான இடம், இருட்டான இடம் இரண்டையும் கொடுத்தபோது இருட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. மரம் பழகியது, கிளை பழகியது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். "வந்து உட்காருகிறதே" என்பதை நிம்மதிக்குச் சாட்சியாக எடுக்க வேண்டாம். கோபுர விளக்கில் நாலைந்து பிட்டிங் இருக்கும். மரத்தைப் பார்த்த ஒன்றை மட்டும் கழற்றச் சொல்லுங்கள், சந்திப்புக்கு வெளிச்சம் குறையாது.

கேள்வி: நிலவுக் காலத்தில் வலை காலியாக வருகிறது, இருட்டுக் காலத்தில் விளக்கு போட்டால் மீன் கூடுகிறது. இரண்டும் வெளிச்சம்தானே, ஏன் இந்த வித்தியாசம்? விளக்கு போட்டுப் பிடிப்பதை எதற்குத் தடுத்தார்கள்? – நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

பதில்: நிலவு கடல் முழுக்க ஒரே சீராக விழுகிறது. கூடி நிற்க ஓர் இடம் என்று இல்லை. மீனுக்கு வலையும் கண்ணில் படும், அதோடு பல மீன்கள் கீழே இறங்கிவிடும். விளக்கு அப்படியல்ல. சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒரு வட்டம். நுண்ணிய மிதவை உயிர்கள் வட்டத்துக்குள் வரும், அதைத் தின்ன நெத்திலியும் சாளையும் வரும். கணவாய் வட்டத்துக்குள் வருவதில்லை. வெளிச்சமும் இருட்டும் முட்டும் ஓரத்தில் படகின் நிழலில் நின்று பாய்ந்து எடுக்கும். கணவாய்த் தூண்டில்காரர்கள் நிழல் விளிம்பில் போடுவது இதனால்தான்.

சிக்கல் அளவில். பெட்ரோமாக்ஸ் எவ்வளவு இழுத்தாலும் ஒரு வட்டம்தான். ஜெனரேட்டர் வைத்து எரியும் எல்.இ.டி. வரிசை குஞ்சும் குளுவானுமாகக் கடலை ஒரே இடத்தில் கூட்டிவிடுகிறது. சின்னதைப் பிரித்து எடுக்க வழியே இல்லை. 2017 நவம்பரில் மத்திய அரசு, கரையோரக் கடலுக்கு அப்பால் உள்ள இந்தியப் பொருளாதாரக் கடற்பரப்பில் விசைப்படகுகள் எல்.இ.டி. முதலிய விளக்குகளைக் கட்டி மீன்பிடிப்பதைத் தடை செய்தது. நாட்டுப்படகுக்காரர் பக்கம் நின்று பார்த்தால் சரியான முடிவு என்றே எங்களுக்குப் படுகிறது. அதைக் கடைப்பிடிக்கச் செய்வது தனிப் பாடு.

பிடிக்கிற விளக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். சும்மா எரிகிற ஜெட்டி விளக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவில் எமிலி போபர்ட் குழு 2019-இல் ஒரு சோதனை செய்தது. கோமாளி மீன் முட்டைகள் ராத்திரி இருட்டியதும் பொரிபவை. தண்ணீர்மட்டத்தில் 26.5 லக்ஸ் விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட்டார்கள். ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. விளக்கை அணைத்ததும் பொரிந்தன. முட்டை சாகவில்லை, "ராத்திரி ஆயிற்று" என்ற செய்தி வராமல் காத்திருந்தது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் கோமாளி மீனும் உண்டு, தூங்கப்போகும்முன் தன்னைச் சுற்றிச் சளியால் கூடு கட்டிக்கொள்ளும் கிளிமீன்களும் உண்டு. இமை இல்லாத மீனுக்கு இருட்டுதான் இமை.

ஜெட்டி விளக்கைப் படகு கட்டும் நேரம் தவிர அணைத்து வைக்கலாம். அணைக்க முடியாத இடத்தில் தண்ணீர்ப் பக்கம் மூடி போட்டு, பலகை மேல் மட்டும் விழும்படி திருப்புங்கள். தெளிந்த தண்ணீரில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் கரைந்துவிடும், நீலம் ஆழம்வரை இறங்கும். அதனால் இங்கே ஆம்பர் நல்ல தேர்வு.

கேள்வி: ஐப்பசி மழை பெய்த மறுநாள் கடை விளக்கில் ஈசல் மொய்த்து வியாபாரமே கெடுகிறது. நிலவென்று நினைத்துத்தான் விளக்குக்கு வருகிறதா? – மளிகைக் கடைக்காரர், கீழக்கரை

பதில்: அப்படித்தான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2024-இல் சாம் பேபியன், யஷ் சோந்தி குழுவினர் அதிவேகக் கேமராவில் பூச்சிகளைப் படமெடுத்து வேறு காரணம் காட்டினார்கள். பறக்கும் பூச்சிக்கு எது மேல், எது கீழ் என்று தெரிய வெளிச்சம்தான் அடையாளம். வானம் வெளிச்சம், தரை இருட்டு. ஆகவே முதுகை வெளிச்சத்துக்குக் காட்டிப் பறக்கும். பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் முதுகை அதற்குத் திருப்பும், உடனே பாதை வளையும், மறுபடி திருப்பும், மறுபடி வளையும். அது விரும்பிச் சுற்றவில்லை, மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. விளக்கு கீழேயிருந்து மேல்நோக்கி எரிந்தால் தலைகீழாகக் கவிழ்ந்து தரையில் விழும். வேடிக்கை என்னவென்றால் அரளி அந்துப்பூச்சி போன்ற ஓரிரண்டு மட்டும் இந்த வலையில் அவ்வளவாக மாட்டுவதில்லை.

கடைக்கு: வாசல் தலைக்கு மேல் இருக்கும் விளக்கை எடுத்து, பதினைந்து இருபது அடி தள்ளி ஒரு கம்பில் மாட்டி, வாசலைப் பார்த்துக் கீழ்நோக்கித் திருப்புங்கள். ஈசல் கம்பில் மொய்க்கும், அரிசி மூட்டையில் விழாது. கீழே அகலமான சட்டியில் தண்ணீர் வைத்தால் காலையில் வாத்துக்கு ஆகும்.

கேள்வி: ஒரு பறவை உண்மையிலேயே தூங்குகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? பள்ளிக் கண்காட்சிக்கு நாங்களும் ஏதாவது செய்ய முடியுமா? – பிளஸ் ஒன் மாணவிகள், தொண்டி

பதில்: அசையாமல் இருப்பது, சீண்டினால் தாமதமாக விழிப்பது, ஒரு நாள் தூக்கம் கெட்டால் மறுநாள் ஈடுகட்டுவது. இந்த மூன்றும் இருந்தால் தூக்கம். மூளையே இல்லாத காசியோபியா என்ற சொறிமீனும் இந்த மூன்றிலும் தேறிவிட்டது. ராத்திரியில் அது துடிப்பது பகலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2017-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

பறவையில் மூளை மின்னலைகளைப் பதியும் சின்னக் கருவியைத் தலையில் பொருத்துகிறார்கள். 1999-இல் நீல்ஸ் ராட்டன்போர்க் குழு வாத்துகளை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தது. ஓரத்தில் இருக்கும் வாத்து வெளிப்பக்கக் கண்ணைத் திறந்தபடி மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிட்டது. 2016-இல் அதே ராட்டன்போர்க், நாள்கணக்கில் கடல்மேல் பறக்கும் கப்பல்பறவை பறந்துகொண்டே ஒரு நாளைக்குச் சராசரி 42 நிமிடம் மட்டுமே தூங்குவதைப் பதிவு செய்தார்.

தலைப்புக் கேள்விக்கும் இங்கேதான் பதில். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆன் ஆல்ஸ்புரூக் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் புறாக்களையும் ஆஸ்திரேலிய மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகளையும் தெருவிளக்கு அளவு வெளிச்சத்தில் வைத்தார்கள், ஒருமுறை வெள்ளை, ஒருமுறை ஆம்பர். இரண்டுமே தூக்கத்தைக் கெடுத்தன. மேக்பைக்கு ஆம்பரில் பாதிப்பு குறைந்தது, புறாவுக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. கோழியைப் பொறுத்தவரை, பறவைகளுக்குக் கண்ணில் மட்டுமல்ல, மூளைக்குள்ளும் ஒளி உணரும் செல்கள் உண்டு. மண்டையோட்டை ஊடுருவிப் போவதில் நீலத்தைவிடச் சிவப்பு கெட்டி. கூட்டில் சிவப்பு பல்பு போட்டுவிட்டு "இருட்டாகத்தான் வைத்திருக்கிறேன்" என்று சொல்வது கோழிக்குப் பொருந்தாது.

கண்காட்சிக்கு: வீட்டுப் புறாக்கூட்டில் அகச்சிவப்பு உள்ள சி.சி.டி.வி. கேமரா ஒன்றை வையுங்கள். டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள், பார்க்கப்போனதே தூக்கத்தைக் கெடுத்துவிடும். மூன்று ராத்திரி பக்கத்து விளக்கு எரியட்டும், மூன்று ராத்திரி அணைந்திருக்கட்டும். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, ஒரே புறாவின் கண் திறந்ததா மூடியதா என்று குறியுங்கள். ஒரு ராத்திரிக்கு 60 குறிப்பு. ஆறு ராத்திரியும் அமாவாசையை ஒட்டியே வரட்டும். விளக்கு ராத்திரிகள் பௌர்ணமியிலும் இருட்டு ராத்திரிகள் அமாவாசையிலும் வந்தால், நீங்கள் அளந்தது விளக்கையா நிலவையா என்று நடுவர் கேட்பார்.

பின்குறிப்பு: தெருவிளக்கை மாற்ற ஊராட்சிக்கு எப்படி எழுதுவது என்று ஏர்வாடி, மண்டபம், தங்கச்சிமடம் வாசகர்கள் கேட்டிருந்தார்கள். "விளக்கை எடுங்கள்" என்று எழுதினால் மனு நகராது, பாதுகாப்பு என்று பதில் வரும். விளக்கின் முகம் தரைக்கு நேராக இருக்கும்படி அதைத் தாங்கும் கம்பத்தின் கையைச் சாய்வில்லாமல் திருப்புதல், கடல் அல்லது மரம் இருக்கும் பக்கத்தில் தகர மறைப்பு, அடுத்த முறை பழுதானால் 6500-க்குப் பதில் 2200 கெல்வின் விளக்கு, பதினொரு மணிக்கு மேல் பாதி வெளிச்சம் என்று நாலு வரியில் கேளுங்கள். முதல் இரண்டுக்கு ஏணியும் அரை மணி நேரமும் போதும் என்பதால் அவை முதலில் நடக்கும். மனுவில் கம்ப எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள்.